ஆட்டுக்குட்டி காய்த்த செடி

பெரம்பலூரிலிருந்து ஆத்தூருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது வேப்பந்தட்டை. மேற்கே பச்சைமலைத் தொடர் நீலத்திரை விரித்தாற்போல் நிற்கும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை இப்பக்கத்தின் பெரும்பயிர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இவ்வூரில் உண்டு.

பருத்தி பூக்கும் காலத்தில் நகரத்தார் ஒருவர் இவ்வழியே வந்து, வண்டியை நிறுத்தி, வரப்பின்மேல் நின்று பார்க்கிறார் என வைத்துக்கொள்வோம். ஒரே செடியில் வெளிர்மஞ்சள் பூவும் உண்டு. இளஞ்சிவப்புப் பூவும் உண்டு. "இரண்டு வகை விதைகளை ஒரே குழியில் ஊன்றிவிட்டீர்களோ?" என்று அவர் வினவுவார். உழவருக்கு நகை பிறக்கும். "மஞ்சள் இன்று பூத்தது, சிவப்பு நேற்றுப் பூத்தது" என்பார். பருத்திப்பூ மலரும் நாளில் ஒரு நிறமும் மறுநாள் வாடும்போது வேறொரு நிறமும் கொள்ளும். வந்தவர் அவ்வளவில் நிற்கமாட்டார். "இந்தப் பூவைப் பறித்துத்தானே நூல் நூற்கிறீர்கள்?" என்று மீண்டும் தொடங்குவார். பஞ்சு பூவன்று. பூ உதிர்ந்து, காய் பிடித்து, அக்காய் முற்றி வெடித்தபின், விதையின்மேல் மயிர்போல் வளர்ந்து வெளிப்படுவதே பஞ்சு. நாள்தோறும் அதனை உடுத்தியிருந்தும் அவர் அதன் பிறப்பை அறியார்.

நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்ட நகரத்துப் பிள்ளையின் கதை தமிழ்நாட்டில் வழங்காத ஊர் இல்லை. கேட்டவர் எல்லாரும் சிரிப்பர். ஆயின் அப்பிள்ளை அறிவிலி அல்லன். அவன் மாம்பழத்தையும் தேங்காயையும் மரத்தில் கண்டவன்; அரிசியைக் கடையில் மட்டுமே கண்டவன். கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர முயன்றான். வழி சரி, முடிவுதான் பிழை. இவ்வழியிலே சென்று இடறி விழுந்தோருள் உலகம் போற்றும் பெரியோரும் பலர் உளர்.

பருத்தியின் வரலாறே இதற்குச் சான்று. கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏரோடோட்டசு என்னும் கிரேக்க வரலாற்று ஆசிரியர், இந்தியாவில் காட்டு மரங்கள் கம்பளியைக் காய்க்கின்றன என்றும், அது செம்மறியாட்டின் மயிரினும் சிறந்தது என்றும் எழுதினார். கம்பளி ஒன்றையே உடையாகப் பெரிதும் அறிந்த மக்களுக்கு வேறு எவ்வாறு சொல்லுவது? செருமானிய மொழியில் பருத்திக்கு இன்றும் வழங்கும் பெயரின் பொருள் மரக்கம்பளி என்பதே.

அத்துடன் நின்றிருந்தால் தீங்கில்லை. மயிர் இருப்பின் ஆடும் இருக்கவேண்டும் அன்றோ! நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மரத்தில் ஆடே முளைத்துவிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய மாண்டவில் என்பவரின் பயண நூல், கீழ்த்திசை நாடொன்றில் சுரைக்காய்போன்ற கனிகள் உண்டென்றும், அவற்றைப் பிளந்தால் எலும்பும் குருதியும் உடைய ஆட்டுக்குட்டி போன்ற சிற்றுயிர் உள்ளே இருக்குமென்றும் கூறிற்று. வேறு சிலர் இன்னும் நயமாகக் கூறினர். தண்டின் நுனியில் ஓர் ஆட்டுக்குட்டி, தொப்புள்கொடியால் செடியோடு பிணைந்து நிற்குமாம். கொடி எட்டும் தொலைவுவரை சுற்றியுள்ள புல்லை மேயுமாம். புல் தீர்ந்ததும் பசியால் மடியுமாம். இதனைக் கல்வியில் வல்லார் பலர் நம்பினர். அவ்வாட்டின் உடல் எனச் சில பொருள்களைக் காட்சிக்கும் வைத்தனர். 1698-இல் சர் ஆன்சு சுலோன் என்னும் அறிஞர் அத்தகைய பொருள் ஒன்றை ஆராய்ந்து, இலண்டனில் உள்ள அரச கழகத்தில் உண்மையை எடுத்துரைத்தார். அது மயிரடர்ந்த பெரணிச் செடியின் கிழங்குத் தண்டு. நான்கு காம்புகளைக் கால்களாக விட்டு, ஆட்டின் வடிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. பருத்தியைப் பற்றிய செய்தியே திரிந்து இக்கதை ஆயிற்று என 1887-இல் என்றி இலீ என்பவர் ஒரு நூலே எழுதினார். கதை நடமாடிய காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பா சென்றுகொண்டிருந்தது என்பதுதான் வியப்பு! துணி போய்ச் சேர்ந்தது. செடியைப் பற்றிய செய்தி போய்ச் சேரவில்லை.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2013-இல் பிரிட்டனில் 27,500 பள்ளிப் பிள்ளைகளிடம் உணவைப் பற்றி வினவியபோது, தொடக்கப் பள்ளியினருள் பத்தில் மூவர் அளவினர், பாலாடைக்கட்டி செடியிலிருந்து கிடைக்கிறது என்று விடையளித்தனர்.

இனி, வரப்பைவிட்டு மாட்டுத் தொழுவத்துக்கு வருவோம். நகரத்தார் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. கொம்புள்ளது காளை, கொம்பில்லாதது பசு என்பது அவர்தம் கணக்கு. நாட்டு மாடுகளில் பசுவுக்கும் கொம்பு உண்டு, எருமைக்கும் உண்டு. கன்று, கிடாரி, பசு, காளை, எருது எனக் கிராமத்தார் பருவத்துக்கும் பாலுக்கும் பணிக்கும் ஏற்பப் பிரித்து வழங்குவனவற்றை அவர் ‘மாடு’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவார். தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் மட்டுமே ஒன்பது கூறப்பட்டுள்ளன. ஆவின் இளமை கன்று. ஆட்டின் இளமை மறி. சொல்லை இத்துணை நுணுகிப் பகுத்தவர் பொருளை எத்துணை நுணுகிக் கண்டிருத்தல் வேண்டும்! மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருவள்ளுவர் அப்பொருளில் அதனை ஆண்டுள்ளார்.

பசு என்றால் பால் தரும் என்று நகரத்தார் அறிவர். கன்று ஈன்றால்தான் தரும் என்பதை அவருட் பலர் நினைந்து பார்த்ததில்லை. ஒன்பது திங்களுக்குச் சற்று மேலாகச் சினை சுமந்து ஈன்றபின் பால் சுரக்கும், சில திங்கள் சென்றபின் குறையும், பின் வற்றும். இதனைப் ‘பால் மறத்தல்’ என்பர். மறத்த மாட்டைக் கண்டு, "என்ன நோய்? மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று பரிவோடு வினவிய நகர உறவினரைப் பற்றிய கதைகள் பல. இத்தகைய பிழை நகைப்போடு முடிவதில்லை. மறத்த காலத்திலும் மாடு தின்னும், வைக்கோலும் தவிடும் பருத்திக்கொட்டையும் வாங்கியாகவேண்டும், வருவாயோ இல்லை. பசுவைத் தண்ணீர்க் குழாய்போல் எண்ணுகின்றவர், பால் விலை சிறிது ஏறினாலும் உழவரின் பேராசை என்று சினப்பர்.

மாட்டின் வாயைத் திறந்து காட்டினால் அவர்தம் பரிவு இன்னும் மிகும். மேல்தாடையின் முன்புறத்தில் ஒரு பல்லும் இராது. "பாவம், முதுமையால் பல் விழுந்துவிட்டது" என்பார். எந்த மாட்டுக்கும் அங்கே பல் இல்லை. கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள். இரண்டு வயதளவில் நடுவிலுள்ள இரு பால்பற்கள் விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் முளைக்கும். பின்னர் இரண்டிரண்டாக நான்கு, ஆறு, எட்டு என நிரம்பும். ஆகவே சந்தையில் ‘நாலு பல்’ என்றால், நான்கு பற்களே எஞ்சிய கிழமாடு அன்று. உழைக்கும் பருவத்து இளமாடு. அச்சந்தையிலேயே இருவர் ஒரு துண்டினுள் கைகளை மறைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பதைக் காணலாம். நீண்டநாள் பிரிந்த நண்பர்கள் என்று கருதவேண்டா. தரகர் விரல் பிடித்து விலை பேசுகின்றனர்.

அறுவடை முடிந்த வெறுநிலத்தில் இரவில் ஆட்டுக்கிடை போடப்பட்டிருக்கும். வழிப்போக்கர் இரங்குவார்: மேயப் புல் இல்லை, ஒதுங்க மரம் இல்லை; இடத்துக்கு வாடகை வேறு கொடுக்கவேண்டுமே இந்த ஏழை இடையர்! உண்மை நேர்மாறானது. வாடகை கொடுப்பவர் நிலத்துக்கு உரியவரே. ஆடுகள் பகலில் வேறிடத்தில் மேய்ந்து, இரவில் இங்கே புழுக்கையும் நீரும் விட்டு நிலத்தை உரமாக்குகின்றன; அதற்குக் கூலி, நெல்லாகவோ பணமாகவோ இடையருக்குச் சேரும். ‘வெங்காயப் பட்டறை’ என்று கேட்டவுடன் கொல்லரின் உலைக்களத்தை நினைப்பவரும் உளர். பெரம்பலூர்ப் பக்கத்தில் அது, சின்ன வெங்காயம் அழுகாதபடி காற்றோட்டமாகப் படல்கட்டிச் சேமித்து வைக்கும் அமைப்பு.

கிராமத்தார் மட்டும் பிழைக்கு விலக்கோ எனின், அல்லர். சாரைப்பாம்பு பசுவின் காலைச் சுற்றிக்கொண்டு மடியில் பால் குடிக்கும் என்று நம்புவோர் ஊர்தோறும் உண்டு. பாம்பின் வாய் சப்பிக் குடிப்பதற்கு அமைந்ததன்று; அதன் கூரிய பற்கள் மடியில் பட்டால் பசு வாளா நிற்குமா? அது தொழுவத்துக்கு வருவது எலியைத் தேடி. தானியத்தைக் காக்கும் அதனை இந்நம்பிக்கையால் அடித்துக் கொல்கின்றனர். சிவப்பைக் கண்டால் காளை சீறும் என்பதும் இத்தகையதே. மாட்டின் கண்ணுக்குச் செந்நிறம் நமக்குத் தோன்றுவதுபோல் தோன்றுவதில்லை. துணியின் அசைவே அதனை மிரளச் செய்கிறது.

இன்று வேப்பந்தட்டைப் பக்கத்திலும் உழவு பெரும்பாலும் டிராக்டராலேயே நடைபெறுகிறது. ஏர் பூட்டும் எருதுகள் அருகிவிட்டன. பையில் அடைத்த பால் கிராமக் கடைக்கும் வந்துவிட்டது. மாட்டின் பல் பார்க்கத் தெரியாத பிள்ளை கிராமத்திலேயே வளர்கின்றான். எனினும் பேரனை உடன்கொண்டு சந்தைக்குச் செல்லும் முதியோர் சிலர் இன்னும் உளர். அவர் பேரனை மாட்டின் முன்னே நிறுத்தார், பக்கவாட்டில் நிறுத்துவார். மூக்கணாங்கயிற்றைத் தாம் பிடித்துக்கொண்டு, கீழுதட்டை மெல்லத் தாழ்த்தி, எண்ணச் சொல்லுவார்.

"நாலு, தாத்தா."

"ஓரத்தில் பார்த்தாயா? இன்னும் இரண்டு இப்பொழுதுதான் முளைத்து வருகின்றன. விற்பவர் நாலு என்றுதான் சொல்லுவார். நீ ஆறு என்று எண்ணி விலை கேள்."