நிலுவைக்குப் பின்னால் ஒரு சொல்லும் வேண்டாம்

தவணை தவறியவரைக் கூட்டத்தில் வைத்து "ஏன் கட்டலை?" என்று கேட்டால் பணம் வராது. அடுத்த கூட்டத்துக்கு அவரும் வரமாட்டார். பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராகப் பல வருடம் இருந்தவள் நான். குழுக்கள் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். பணத்தைச் சுருட்டியதால் உடைந்தவை கொஞ்சம்தான். பேச்சால் உடைந்தவையே அதிகம்.

1989-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்களை ஆரம்பித்ததே எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். அதனால் சந்தா, உள்கடன், தீர்மானம் எல்லாம் எங்களுக்கு மாமியார் காலத்துச் சொற்கள். கணக்கு எழுதப் பயிற்சி உண்டு. பக்கத்தில் இருப்பவளிடம் கணக்கைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் பயிற்சி இல்லை.

தவணை விஷயத்துக்கு வருகிறேன். வங்கி எங்களிடம் நிலமோ நகையோ ஈடு கேட்பதில்லை. குழுவை நம்பிக் கடன் தருகிறது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர்களின் அடுத்த கடனும் நிற்கும். ஆகவே கோபம் நியாயமானதுதான். அதைக் கூட்டம் வரைக்கும் கொண்டுபோகாமல் இருப்பதுதான் ஊக்குநரின் வேலை. நான் முந்தின நாள் சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விடுவேன், தனியாக. இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போனால் அது வசூலுக்குப் போன மாதிரி ஆகிவிடும். பணத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசமாட்டேன். மாடு எவ்வளவு கறக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று போகும் பேச்சு. கொஞ்ச நேரத்தில் அவரே சொல்லிவிடுவார்: "வீட்டுக்காரர் பெங்களூருல கட்டட வேலைக்குப் போயிருக்காருக்கா. மேஸ்திரி இன்னும் கூலி தரலை." அப்போது ஒன்று கேட்பேன்: "இதைக் கூட்டத்துல நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா, வேண்டாமா?" வேண்டாம் என்றால், எப்போது கட்டுவார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன்.

கணக்கை மறைக்கச் சொல்லவில்லை. மறுநாள் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிப்பேன்: இன்னாருக்கு இவ்வளவு நிலுவை, இந்தத் தேதிக்குள் கட்டுவார். அவ்வளவுதான். "போன மாசமும் இப்படித்தான்", "பட்டுப்புடவை எடுக்க மட்டும் காசிருக்கு" என்று வால் முளைக்கத் தொடங்கினால், அடுத்த பெயரைச் சத்தமாக வாசித்துவிடுவேன்.

எங்கள் பக்கத்துக் குழுக்களில் 12 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். 20 என்ற வரம்பு, அதற்கு மேல் போனால் சங்கமாகவோ கம்பெனியாகவோ பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய கம்பெனிச் சட்டத்தின் விதியால் வந்தது. ஆனால் பேச்சுக்கும் அதுதான் எல்லை என்பேன். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள். இருபதுக்குள்ளும்கூட வாயே திறக்காதவர்கள் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் என்றாலும் சின்ன மாமியாரும் நாத்தனாரும் அதே ஜமுக்காளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அவர்களை மீறி என்ன சொல்வாள்? "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டால் தலைதான் ஆடும். இந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். "இதுல உனக்கு என்ன இடைஞ்சல் வரும்?" என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்பேன், வயதில் சின்னவர்களிடமிருந்து தொடங்கி. பெரியவர் முதலில் பேசிவிட்டால் பிறகு வருவதெல்லாம் "அத்தை சொன்னதுதான்".

எதிர்ப்பக்கத்தில், பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வார். சொன்னது யார் காதிலாவது விழுந்ததா என்ற சந்தேகம்தான் காரணம் என்பது என் கணிப்பு. அவர் முதல் தடவை சொல்லும்போதே நோட்டில் எழுதி, "அக்கா, நீங்க சொன்னதை இப்படி எழுதியிருக்கேன், சரியா பாருங்க" என்று வாசித்துக் காட்டுவேன். ஒரு திருத்தம் சொல்வார், பிறகு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். "போதும்க்கா" என்றிருந்தால் அன்றைக்கு வீடு திரும்ப இருட்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அழைக்கும் விதம். எங்களுடையது ஊரும் காலனியும் சேர்ந்த குழு. அறுபது வயது அம்மாவைப் பாதி வயதுக்காரி ஒருத்தி "வா, போ" என்பாள். அந்த அம்மாவும் ஜமுக்காளத்தின் ஓரத்தில், பாதி தரையில்தான் உட்காருவார். மரியாதையாக அழைக்க வேண்டும் என்று விதி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவார்கள் என்று தெரியும். அதனால் அவர் வந்ததும் "வாங்கம்மா, இப்படி வாங்க" என்று என் பக்கத்தில் உட்கார வைத்து, சந்தாப் பணம் எண்ணும் வேலையைக் கொடுத்தேன். எல்லாரும் அவர் கையில்தான் பணம் கொடுக்க வேண்டும். சில மாதத்தில் பலர் "வாங்க" என்றார்கள். இரண்டொருவர் கடைசிவரை சொல்லவில்லை; பெயரும் முறையும் இல்லாமல் "இந்தாங்க" என்று பொதுவாகக் காசை நீட்டினார்கள். அதுவரைதான் என்னால் முடிந்தது.

குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கேட்கும் நாளில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தோம். கேட்பவர்கள் எல்லாரும் தங்கள் தேவையைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் கருத்துச் சொல்லக்கூடாது. அடகு நகை திருப்ப, ஆஸ்பத்திரிச் செலவு, புளி வாங்கிப்போட என்று வரிசையாகக் காதில் விழுந்த பிறகு, "எனக்கு அடுத்த மாசம் போதும், அவங்களுக்குக் கொடுங்க" என்று யாராவது விட்டுக்கொடுப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து அலசினால் ஒவ்வொன்றிலும் சண்டை.

முடிவானதும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வரி விடாமல் வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் "அதான் தெரியுமே" என்று அவசரப்படுவார்கள். கைநாட்டு வைப்பவர் "சரிதான்" என்று சொன்ன பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்பேன்.