தலைக்குள் ஏறும் பிரஷர்

பிரஷர் என்றதும் கையில் பட்டை கட்டிப் பார்ப்பதுதான் நம் நினைவுக்கு வரும். கண் ஆஸ்பத்திரியில் கண்ணின் பிரஷரையும் பார்க்கிறார்கள். இவை இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் பிரஷர். மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருவோர் இதைப் பற்றிக் கேட்பதால் இம்மாதம் எழுதுகிறேன்.

மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றிய நீர். பெரியவர்களுக்கு அந்த நீர் சுமார் 150 மில்லி. ஒரு நாளில் சுமார் 500 மில்லி புதிதாக ஊறுகிறது, பழையது ரத்தத்தில் கலந்து போகிறது. இம்மூன்றில் ஒன்று அளவுக்கு மீறினால் இடம் போதாமல் பிரஷர் ஏறும். படுத்திருக்கும் பெரியவருக்கு 15 வரை சாதாரணம். தலையில் அடிபட்டவருக்கு 22-ஐத் தாண்டினால் குறைக்க மருத்துவம் செய்தாக வேண்டும்.

இந்த எண்ணைச் சரியாக அறிய மண்டையில் சிறு துளையிட்டுக் கருவி வைக்கிறார்கள். கிருமித் தொற்று, ரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகள் அதில் உண்டு. துளை போடாமல் பார்க்க முடியாதா என்று வீட்டார் கேட்பது நியாயமே. ஓரளவு முடியும்.

மூளையைச் சுற்றிய நீர் கண் நரம்பின் உறைக்குள்ளும் இருக்கிறது. தலைக்குள் பிரஷர் ஏறினால் அந்த உறை உப்பும். மூடிய இமை மீது அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அதன் அகலத்தை அளக்கலாம். சுமார் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தால் நரம்பு முனையின் வீக்கம் தெரியும். ஆனால் அந்த வீக்கம் வர மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் ஆகும். இன்று விபத்தில் அடிபட்டவரின் கண் இன்று சரியாகவே இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவை சந்தேகத்தைச் சொல்லும். மணிக்கு மணி எண்ணைச் சொல்லாது. ஐ.சி.யூ.வில் டாக்டர் துளை அவசியம் என்றால், ஸ்கேன் போதுமே என்று கையெழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

நம் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளவயதில், உடல் எடை கூடியவர்களுக்குக் கட்டி எதுவும் இல்லாமலே இந்தப் பிரஷர் ஏறுவதுண்டு. ஸஜ்தாவில் தலைவலி கூடும். குனிந்து நிமிரும்போது சில விநாடி பார்வை மங்கும். காதில் நாடித்துடிப்போடு இரைச்சல் கேட்கும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டே காலம் கடத்தினால் பார்வை போகலாம். ஓதி ஊதுவதை நான் தடுக்கவில்லை, ஓதிக்கொண்டே கண் டாக்டரிடம் போகலாம். அங்கே கண் பிரஷர் நார்மல் என்பதோடு திரும்பிவிடாமல், கண் நரம்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பிறகு முதுகில் ஊசி போட்டு நீரின் பிரஷரை அளக்கச் சொன்னால் கால் விளங்காமல் போகும் என்று அஞ்ச வேண்டாம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடுகிறார்கள்.

கைக்குழந்தைக்குத் தையல்காரர் நாடாவே கருவி. மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாததால் பிரஷர் ஏறினால் தலையே பெருக்கும். பிறக்கும்போது தலைச்சுற்றளவு சுமார் 34 செ.மீ., ஒரு வயதில் சுமார் 45. தலை மிக வேகமாகப் பெருத்தாலோ, அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கருவிழி எப்போதும் கீழ்நோக்கியே இருந்தாலோ தாமதிக்காதீர்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' நூலில் இந்த நோயை எழுதியிருக்கிறார். தலை பெருத்து உட்காரக்கூட முடியாமல் போன குழந்தையைக் கண்டவர் அவர். தாம் பார்த்த குழந்தைகள் இறந்துவிட்டதால் கத்தி வைக்கத் தயங்கினார். இன்று அந்த நீரைக் குழாய் வழியே வயிற்றுக்குள் வடியவிடும் ஆபரேஷன் இருக்கிறது. தடுப்பூசிக்குப் போகும்போது எடையோடு தலையையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.