பங்களா கணப்புக்கு அடுப்பு

கேள்வி: நுவரெலியாவில் வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட பங்களாவை விடுதியாக்குகிறோம். கூடத்துக் கணப்புக்குள் இரும்பு விறகடுப்பு பொருத்தலாமா?

பதில்: தாராளமாக. திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைக்கூட்டோடு போய்விடும். கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு அதை அறைக்குள் நிறுத்தும். வாங்குமுன் கணப்பின் முன்னகலம், பின்னகலம், உயரம், ஆழம் நான்கையும் அளந்துகொள்ளுங்கள். பழைய கணப்புகள் பின்னால் குறுகியிருக்கும். புகைக்கூட்டைக் கரி போகச் சுரண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பிலிருந்து உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கி, மழைக்கு மூடி போடுங்கள். 1,800 மீட்டருக்கு மேலான உயரத்தின் ஈரக்காற்றில் விறகு லேசில் காயாது. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) கட்டையைப் பிளந்து, கூரைக்கடியில் ஓராண்டாவது அடுக்கிவையுங்கள். பச்சை விறகின் புகை குழாயில் தாராகப் படியும். பிறகு அதுவே தீப்பற்றும். கார்பன் மொனொக்சைட் அலாரமும் கட்டாயம்.