ரிவால்வர் தோட்டா: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் கவனிக்க வேண்டியவை

வியாபாரிகளில் தற்காப்புக்காக ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சொற்பம்தான். ஆனாலும் மண்டிக்காரர்கள், ரொக்கம் எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் என்று சிலர் வைத்திருக்கிறோம். லைசென்சுக்காக அலையாத அலுவலகம் இல்லை. துப்பாக்கியையும் நல்ல விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம். அதில் போடும் தோட்டாவைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் சட்டம் வந்துவிட்டது. செல்போனிலேயே பணம் போகிறது. ஆகவே ரிவால்வர் பீரோவை விட்டு வெளியே வருவதும் குறைந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஆறு தோட்டாவும் பத்து வருடச் சரக்காக இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

முதலில் எந்தத் தோட்டா என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகை. பொதுமக்களுக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை .32 அளவு. கான்பூர் தொழிற்சாலையின் ஆறு தோட்டா ரிவால்வரும் இதுவே. இங்கேதான் ஒரு குழப்பம் இருக்கிறது. .32 என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ரிவால்வருக்கு உரியது ‘.32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங்’. 1896-ல் வந்த பழைய அளவு இது. இதன் பித்தளைக் கூடு 23 மில்லிமீட்டருக்குச் சற்று அதிக நீளம், முனையில் ஈயக்குண்டு. மற்றது பிஸ்டலுக்கு உரியது. 7.65 மில்லிமீட்டர் என்றும் சொல்வார்கள். கூடு 17 மில்லிமீட்டர்தான். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களில் உள்ளே போய் உட்கார்ந்தும் விடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம், அந்த ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு கடையில் எனக்கே பிஸ்டல் தோட்டாவை எடுத்து வைத்து, “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார்கள். பாசிப்பருப்பு கேட்டவருக்கு உளுந்தம்பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டும் பருப்புதானே என்பது போல இருந்தது. ரிவால்வர் குழலில் பொறித்திருப்பதையும் தோட்டா அட்டையில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

உள்நாட்டுத் தோட்டா புனே அருகே கிர்கி (கட்கி) வெடிபொருள் தொழிற்சாலையில் தயாராகிறது. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. வெளிநாட்டுத் தோட்டா என்று பழைய இருப்பை அதிக விலைக்குக் காட்டுவார்கள். எந்த வருடத்துச் சரக்கு, யார் வீட்டில் எப்படிக் கிடந்தது என்று தெரியாத ஒன்றை, பெயருக்காக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் மருந்து நிரப்பித் திரும்பச் செய்த தோட்டா என்றால் தொடவே கூடாது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வதும் விற்பதும் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம்.

இனி சோதனை. மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்தால் மிச்ச மூட்டை அப்படியே இருக்கும். தோட்டாவில் அது முடியாது. சோதித்த தோட்டா செலவாகிவிட்டது, நாம் நம்பப் போவது சோதிக்காத தோட்டாவை. ஆகவே அட்டையில் உள்ள லாட் எண் ஒன்றாக இருக்கும்படி மொத்தமாக வாங்கி, அதில் ஒரு பகுதியைச் சுட்டுப் பார்த்து, மீதியை வைத்துக்கொள்வதுதான் வழி. நமக்கு லைசென்சில் எழுதிய அளவுக்கு மேல் வாங்க முடியாது என்பதால் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பார்க்கும் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு முறை நிரப்பி, பன்னிரண்டு தோட்டாவாவது சுட வேண்டும் என்பது என் கணக்கு. கஞ்சத்தனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

சுடும் முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். பின்புறம் நடுவில் உள்ள சின்ன வட்டம்தான் கேப். அதில் ஊசி அடித்தால்தான் மருந்து பற்றும். விரலால் தடவினால் அது கூட்டின் மட்டத்திலோ சற்று உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உருளை சுற்றாமல் சிக்கிக்கொள்ளும். பச்சைக் களிம்பு, நசுங்கல், கீறல், ஆடும் ஈயக்குண்டு இவற்றில் எது இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள். பிறகு ரிவால்வரைத் திறந்த நிலையில் ஆறு அறையிலும் தோட்டாவைப் போட்டால், தள்ளாமலே தன் எடையில் இறங்கி உட்கார வேண்டும்.

சுடுவது ரைபிள் கிளப் மைதானத்தில் மட்டுமே. வயற்காடு, தோப்பு, கல்யாண ஊர்வலம் எதுவும் கூடாது. கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தப்படி 2 வருடம் வரை சிறை உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு போட்டுக்கொண்டு, சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் முழுக்க அழுத்திச் சுடுங்கள். ஆபத்து வேளையில் அப்படித்தான் சுடுவோம். அவ்வாறு சுடும்போது பல ரிவால்வர்களில் சுத்தியலின் அடி சற்றுக் குறைவு. குறை இருந்தால் அப்போதுதான் தெரியும்.

‘டிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்காவிட்டால் பதறி உடனே திறக்காதீர்கள். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்துத் திறக்க வேண்டும். திறந்ததும் கேப்பில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். வெடித்த தோட்டாவில் உள்ளதைப் போல ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவில் கோளாறு என்றே கொள்ள வேண்டும், அந்த லாட்டை நம்ப வேண்டாம். பள்ளம் லேசாக இருந்தால் சுருளோ ஊசியோ தளர்ந்திருக்கலாம். துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எந்தப் பக்கம் குறை என்று தெரியாமல் தோட்டா மாற்றிப் பயனில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாக, ‘புஸ்’ என்று வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போனால் குழல் வெடித்துக் கை போகும்.

எடை குறைந்த ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஐந்து தோட்டாவைச் சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து, சுடாத புதுத் தோட்டாவுடன் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். உதைப்பில் ஈயக்குண்டு முன்னால் நகர்ந்து நீளம் கூடியிருந்தால், அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. நகர்ந்த குண்டு உருளையைப் பூட்டிவிடும்.

வைக்கும் இடத்திலும் நம்மவர்கள் கவனிப்பதில்லை. தானியக் கிடங்கில் பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறோம். அதிலிருந்து வரும் வாயு செம்பையும் பித்தளையையும் அரிக்கும். எலக்ட்ரானிக் தராசின் செம்புக் கம்பி கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கிடங்கை ஒட்டிய அறை மேஜையில் தோட்டா இருந்தால் அதற்கும் அதே கதிதான். உப்புக் கிடங்கும் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றும் அப்படியே. தோல் உறையிலும் தோல் பெல்ட்டிலும் மாதக்கணக்கில் செருகி வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் போடவே கூடாது. துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெய் கேப்பின் ஓரமாக ஊறி உள்ளே இறங்கினால் மருந்து செத்துவிடும். ரிவால்வருக்கு எண்ணெய் போட்ட பிறகு ஆறு அறையையும் காய்ந்த துணியால் துடைத்த பின்பே நிரப்ப வேண்டும்.

காய்ந்த இடத்தில் அட்டையோடு இருக்கும் தோட்டா பல வருடம் தாங்கும். ரிவால்வரில் நிரப்பி வியர்வையிலும் வெயிலிலும் சுமந்தது தாங்காது. வருடத்துக்கு ஒரு முறை அந்த ஆறையும் கிளப்பில் சுட்டுவிட்டுப் புதிது நிரப்புங்கள். பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தோட்டாவையும் எண்ணி, ரசீதில் எண்ணிக்கை எழுதி வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வரும்போது மேலே சொன்னபடி ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே நிரப்புங்கள். கழித்த தோட்டாவைக் குப்பையிலோ கிணற்றிலோ போடாமல், லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ கொடுத்து, அதற்கும் ஒரு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.