வீட்டு ஒலிப்பெட்டியும் மின்சாரப் பாதுகாப்பும்

காலையில் பால்வெட்டு வேலையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நமக்கு, மாலை வேளையில் நல்ல பாட்டொன்றைக் கேட்பது பெரிய ஆறுதலாகும். ஒரு காலத்தில் பாட்டரி வானொலியே தோட்ட வீடுகளுக்குத் துணையாக இருந்தது. பின்னர் ஒலிநாடாப் பெட்டி வந்தது, தொலைக்காட்சி வந்தது. இன்று பல வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் 'ஹோம் தியேட்டர்' எனப்படும் ஒலிச்சாதனமும் இடம்பெற்றுள்ளது. முன்புறம் மூன்று, பின்புறம் இரண்டு, தாழ்ந்த ஓசைக்கென ஒரு 'சப்வூபர்' என ஆறு ஒலிபெருக்கிகள் கொண்டது இதன் வழக்கமான அமைப்பாகும். இவற்றிற்கெல்லாம் நடுவே இருந்து, ஒலியைப் பெற்று, பெருக்கி, பங்கிட்டு அனுப்பும் பெட்டியே 'ரிசீவர்' எனப்படுகிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை. விருந்தினர் வந்திருக்கின்றனர். திடீரென ஒலிப்பெட்டி ஊமையாகிவிடுகிறது. பட்டணத்துக் கடை பூட்டியிருக்கும். நான்காம் படிவத்தில் பயிலும் மூத்த மகன், "பிளக்கைக் கழற்றிவிட்டேன், இனிப் பயமில்லை. நானே திறந்து பார்க்கிறேன், அப்பா" என்று திருப்புளியை எடுக்கிறான். தந்தையும் மகனின் அறிவை எண்ணி மகிழ்ந்து சம்மதிக்கிறார்.

அந்த மகனின் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆனால் அவன் கூறிய காரணம் தவறானது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அப்பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். இதை அறியாமல் பெட்டியைத் திறப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, இச்சாதனத்தைப் பயன்படுத்தும் முறையையும், நாம் செய்யத்தக்க பராமரிப்பு எது, செய்யக்கூடாதது எது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. ரிசீவருக்குள் இருக்கும் மின்மாற்றி அதனைச் சில பத்து வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. பின்னர் அது நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, 'கெப்பாசிட்டர்' எனப்படும் மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. உருளை வடிவில், சிறு டப்பாவைப் போல் நிற்பவை இவையே. பாட்டில் பேரொலி எழும்போது ஒரே கணத்தில் மிகுந்த மின்சாரம் தேவைப்படும். அதனைத் தருவதற்காகவே இச்சேமிப்பு அமைந்துள்ளது.

இதனைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிடலாம். பம்பை நிறுத்திவிட்டாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும். குழாயைத் திறந்தால் கொட்டும். அவ்வாறே, பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் இருக்கும். கை பட்டால் பாயும். ஆற்றல் மிகுந்த ரிசீவர்களில் இரண்டு பெரிய மின்தேக்கிகளுக்கிடையே நூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். சப்வூபர்களிலும் சிறிய ரகப் பெட்டிகளிலும் வேறு வகை மின்வழங்கி பொருத்தப்படுவதுண்டு. அதிலுள்ள மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தாங்கி நிற்கும். பெட்டி சிறியதாக இருப்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது.

நல்ல நிலையிலுள்ள பெட்டியில் இச்சேமிப்பு சிறிது நேரத்தில் தானாகவே வடிந்துவிடும்படி அமைத்திருப்பர். ஆனால், அவ்வாறு வடிக்கும் சிறு உறுப்பே பழுதாகியிருந்தால் மின்சாரம் நெடுநேரம் அங்கேயே நிற்கும். பழுதான பெட்டியைத்தான் நாம் திறக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அணைத்தல் வேறு, துண்டித்தல் வேறு

தொலைவுக் கருவியின் பொத்தானை அழுத்திப் பெட்டியை அணைக்கிறோம். முகப்பில் சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. இது உறக்க நிலையே. உள்ளே மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சுவர்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றினால்தான் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. அதன் பின்னும் சேமிப்பு மின்சாரம் எஞ்சியிருக்கும் என்பதை மேலே கண்டோம்.

இம்மூன்று நிலைகளையும் அறிந்துகொண்டால் நம் எல்லை எதுவென விளங்கிவிடும். துடைப்பதற்கும், பின்புறக் கம்பிகளைத் தொடுவதற்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். மூடியின் திருகாணிகளையோ நாம் ஒருபோதும் தொடக்கூடாது. மூடிக்கு வெளியே இருப்பவை நம் பொறுப்பு; மூடிக்கு உள்ளே இருப்பவை பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் பொறுப்பு.

வைக்கும் இடம்

ரிசீவர் வேலை செய்யும்போது சூடேறும். மூடியிலுள்ள துளைகள் அச்சூட்டை வெளியேற்றுவதற்கே உள்ளன. ஆனால் நம் வீடுகளில் அழகுக்காகப் பின்னல் துணியை விரிக்கிறோம். அதன்மேல் பூச்சாடியையும், சில வேளைகளில் சாமி படத்தையும் விளக்கையும் கூட வைத்துவிடுகிறோம். துணி காற்றை அடைக்கிறது. பூச்சாடித் தண்ணீரோ விளக்கெண்ணெயோ சிந்தினால் நேரே மின்பகுதியில் விழுகிறது. ஆகவே பெட்டியின்மேல் எதனையும் வைக்கலாகாது. மேற்புறம் குறைந்தது பத்து செண்டிமீட்டராவது இடைவெளி இருத்தல் நன்று. சாதனத்துடன் வந்த கையேடு கூடுதலாகக் கேட்டால் அதனையே பின்பற்ற வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருப்போர், பாட்டுக் கேட்கும்போது கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

வெதுவெதுப்பான இடத்தைப் பல்லியும் கரப்பானும் எறும்பும் நாடி வரும். அவற்றை விரட்டப் பூச்சி மருந்தைத் துளைகளுக்குள் பீய்ச்சுவது ஆபத்தானது. அதில் எளிதில் தீப்பற்றும் வாயு கலந்திருக்கும். சுற்றுப்புறத்தில் உணவுத் துணுக்குகள் இல்லாமல் துப்புரவாக வைத்திருப்பதே சிறந்த வழியாகும்.

பிளக்கும் பியூசும்

நம் நாட்டில் பயன்படுவது மூன்று முனைப் பிளக். அதனுள் ஒரு பியூஸ் உண்டு. கம்பியில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் அது எரிந்து, தீப்பற்றாமல் காக்கிறது. எரிந்த பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் செம்புக் கம்பியை வைப்பதும் காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமமாகும். முன்பிருந்த அதே அளவு ஆம்பியர் பியூசையே பொருத்த வேண்டும். அதுவும் எரிந்தால், குறை பியூசில் அன்று, சாதனத்தில் இருக்கிறது.

வேறொரு வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். இரு முனைப் பிளக்கை நுழைப்பதற்காகச் சுவர்ப் பிளக்கின் மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ செருகும் வழக்கமே அது. கீழுள்ள இரு துளைகளின் அடைப்பு, குழந்தைகளின் விரலும் கம்பியும் உள்ளே செல்லாதவாறு காப்பதற்காக அமைந்தது. மேலும், அந்த இரு முனைப் பிளக்கில் பியூசும் இல்லை. தரமான மாற்றுப் பிளக்கை வாங்கிப் பயன்படுத்துவதே முறையாகும்.

பழைய பொருள் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பெட்டிகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. வாங்குமுன் பின்புறத் தகட்டைப் படிக்க வேண்டும். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். 100 வோல்ட் என்று மட்டும் எழுதப்பட்ட பெட்டியை நம் சுவரில் நேரே செருகினால் அது கருகிவிடும், தீயும் பிடிக்கலாம்.

மீட்டர்ப் பலகையிலுள்ள இ.எல்.சி.பி. என்னும் காவல் சுவிட்சையும் அறிந்துகொள்வோம். மின்சாரம் உடல் வழியாக நிலத்திற்குக் கசிந்தால் அது உடனே மின்சாரத்தை நிறுத்தும். உயிர் காப்பதற்கென அமைந்தது 30 மில்லி ஆம்பியரில் இயங்குவதாகும். 60 வாட் குண்டு பல்புக்குச் செல்லும் மின்னோட்டம் இதனைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்றால், எவ்வளவு சிறிய மின்னோட்டமும் மனிதனுக்குக் கேடு செய்யும் என்பது விளங்கும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். சுவிட்ச் விழவில்லையெனில் தோட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஆயினும், திறந்த பெட்டியின் மின்தேக்கியில் கை வைப்பவரை இச்சுவிட்சால் காப்பாற்ற இயலாது. ஏனெனில் அம்மின்சாரம் பெட்டிக்குள்ளேயே தங்கியிருப்பது. மீட்டர்ப் பலகையைக் கடந்து வருவதன்று.

ஒலிபெருக்கிக் கம்பிகள்

ஒலிபெருக்கிகளை இணைக்குமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ரிசீவரின் சிவப்பு முனை ஒலிபெருக்கியின் சிவப்பு முனைக்கும், கறுப்பு முனை கறுப்பு முனைக்கும் செல்ல வேண்டும். கம்பியின் நுனியை நன்றாக முறுக்க வேண்டும். பிரிந்து நிற்கும் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் குறுக்கு மின்னோட்டம் ஏற்படும்.

திருமண நாளிலும் பண்டிகை நாளிலும், "இன்னும் இரண்டு ஒலிபெருக்கிகளை வெளியே மாட்டுவோம்" என்ற ஆசை எழும். இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒலிபெருக்கியின் தடையை 'ஓம்' என்னும் அளவால் குறிப்பர். 20 வோல்ட் தரும் முனையில் 8 ஓம் ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் 2.5 ஆம்பியர் பாயும். அதே முனையில் இன்னொரு 8 ஓம் ஒலிபெருக்கியைப் பக்கவாட்டில் சேர்த்தால் தடை 4 ஓமாகக் குறைகிறது. மின்னோட்டம் 5 ஆம்பியராகிறது. பெட்டியின் சுமை இரட்டிப்பாகிறது. ஆகவே பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள ஓம் அளவுக்குக் குறைவாக ஒருபோதும் இணைக்கக் கூடாது. பந்தலுக்கு வேண்டிய ஒலியை வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிச் சாதனமே தரட்டும்.

பெட்டியை இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஒலியைக் குறைத்து வைத்தல் வேண்டும். பாட்டு கரகரக்கத் தொடங்கினால் அது பெட்டி விடுக்கும் எச்சரிக்கை. உடனே குறைக்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டிய அண்டை வீட்டாரையும் மறவாதிருப்போம்.

இடி மின்னல்

இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் நம் நாடும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டிப் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யும். மின்னலின் தாக்கம் மின்கம்பி வழியாக மட்டுமன்றி, கூரைமேலுள்ள வட்டில் அலைவாங்கியின் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் வரும். வானம் கறுக்கும்போதே ரிசீவர், தொலைக்காட்சி ஆகியவற்றின் பிளக்கையும் அலைவாங்கிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இடி தலைக்குமேல் வந்த பிறகு அவற்றைத் தொடுவது ஆபத்தாகும். வேலைக்குச் செல்லும் நாளில் காலையிலேயே கழற்றி வைப்பது நல்ல பழக்கமாகும்.

பெட்டி ஊமையானால் நாம் செய்யத்தக்கது

தீபாவளி மாலையில் ஊமையான பெட்டிக்கு மீண்டும் வருவோம். பல ரிசீவர்கள் கோளாறு கண்டால் முகப்பில் 'புரொடெக்ட்' என்று காட்டித் தாமாகவே நின்றுவிடும். அப்பொழுது மகன் திருப்புளியை எடுக்காமல் செய்ய வேண்டியவை இவை:

1. பிளக்கைக் கழற்றி, பெட்டி நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

2. பின்புறத்திலுள்ள ஒலிபெருக்கிக் கம்பிகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். எங்கேனும் இழை பிரிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. ஒலிபெருக்கிகள் இல்லாமலே பெட்டியை இயக்கிப் பார்க்க வேண்டும். அது ஒழுங்காக இயங்கினால் குறை வெளியில் உள்ளது.

4. மறுபடியும் பிளக்கைக் கழற்றி ஓர் ஒலிபெருக்கியை இணைத்து இயக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிய பின்னரே அடுத்ததை இணைக்க வேண்டும். எதைச் சேர்த்ததும் பெட்டி நிற்கிறதோ, அதிலோ அதன் கம்பியிலோதான் குறை.

5. ஒலிபெருக்கிகள் இல்லாதபோதும் பெட்டி நின்றுவிட்டால் குறை உள்ளே இருக்கிறது. அதனைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கருகிய வாடை, புகை, ஓயாத உறுமல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் இச்சோதனைகளும் வேண்டா. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். மின்தேக்கியைத் திருப்புளியால் தொட்டு மின்சாரத்தை வெளியேற்றலாம் என்று சிலர் கூறுவர். அது பெரும் பொறியை எழுப்பும். கையையும் கண்ணையும் பெட்டியையும் கெடுக்கும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரை உடனே கையால் தொடக் கூடாது. முதலில் மீட்டர்ப் பலகையின் முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும். அது இயலாவிடில், உலர்ந்த பலகையின்மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்க வேண்டும். உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நினைவும் மூச்சும் இல்லையெனில், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என, ஐந்து செண்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவசியம்; இதயத்தில் ஏற்படும் பாதிப்பு வெளியே தெரிவதில்லை. பெட்டியில் தீப்பற்றினால், மின்சாரத்தை நிறுத்துமுன் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நினைவிற் கொள்வோம்

சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே மின்சாரம் இருக்கலாம். ஆகவே மூடியே நம் எல்லை.

நம் பிள்ளைகளுக்கு மின்னணுவியலில் ஆர்வம் இருந்தால் அதைத் தடுக்க வேண்டா. தொழிற்பயிற்சி நிலையத்தில் முறையாகப் பயின்று, உரிய கருவிகளோடு பெட்டியைத் திறக்கும் நாள் வரும் என்று கூறுவோம். அன்று அவர்களே நம் தோட்டத்தின் பழுதுபார்ப்பவர்களாகத் திகழ்வர். அதுவரை திருப்புளி பெட்டியிலேயே இருக்கட்டும்.