ஒரு நாள் சிங்கம், மறுநாள் பூனை: ஆட்டக்காரரை எடைபோடும் கணக்கு



கிரிக்கெட் பற்றி எழுதினாலும் இது ஒரு கணக்குப் பாடம்தான். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து படித்தால் நல்லது. பெற்றோரும் உடன் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். காரணம் கடைசியில் விளங்கும்.

கல்யாணில் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது ஓவர் ஆட்டங்கள் நடத்திவந்தோம். ஸ்கோர் எழுதுவது என் வேலை. அணியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. ஒரு பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரே ஓர் இடம் மீதியிருந்தது. அதற்கு இரண்டு பையன்கள். இருவரும் ஆறு ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். இருவரும் 150 ஓட்டங்கள் கொடுத்து 10 விக்கெட் எடுத்திருந்தார்கள். சராசரி இருவருக்கும் 15.

ஆனால் விக்கெட்டுகள் விழுந்த விதம் வேறு. முதல் பையனுக்கு ஆட்டவாரியாக 2, 1, 2, 2, 1, 2. இரண்டாவது பையன் லெக் ஸ்பின் போடுபவன். அவனுக்கு 4, 0, 0, 4, 0, 2. யாரை எடுப்பது?

நாங்கள் அதிகம் யோசிக்காமல் முதல் பையனை எடுத்தோம். அவன் தன் கடமையைச் செய்தான், நாங்கள் வென்றோம். ஆகவே தேர்வு சரி என்றே எல்லோரும் சொன்னார்கள். இன்று எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

முதல் கேள்வி: சராசரி எதை மறைக்கிறது?

நம் ஊர்ப் பிள்ளை ஒருவரையே எடுத்துக்கொள்வோம். சென்னையைச் சேர்ந்த லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணன் 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் தன் முதல் டெஸ்டை ஆடியபோது அவருக்கு வயது 17. அந்த ஆட்டத்தில் 95 ஓட்டங்கள் கொடுத்தும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. அடுத்த டெஸ்ட் வாய்ப்பு 1984 நவம்பர் இறுதியில் நம் வாங்கடே மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 6, இரண்டாவதில் 117 ஓட்டங்களுக்கு 6. இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸில் 99 ஓட்டங்களுக்கு 6. மூன்று இன்னிங்ஸில் 18 விக்கெட்! அப்போது கல்யாணிலிருந்து தாதர் போகும் லோக்கலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் சிவா பேச்சுதான்.

அதற்குப் பிறகு? 1985 பிப்ரவரி-மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒருநாள் போட்டித் தொடரில் ஐந்து ஆட்டங்களில் 10 விக்கெட் எடுத்து, இந்தியா கோப்பை வெல்லத் துணைநின்றார். டெஸ்டிலோ கை ஓய்ந்துவிட்டது. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதே கடைசி டெஸ்ட். அப்போது வயது 20. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அந்த 26இல் 23 ஒரே இங்கிலாந்துத் தொடரில் வந்தவை.

இப்போது பென்சிலை எடுங்கள். அவர் டெஸ்டுகளில் கொடுத்த ஓட்டங்கள் 1145. அதை 26ஆல் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 44. வாங்கடே ஆட்டத்தை மட்டும் கழித்துவிடுங்கள்: 181 ஓட்டங்கள், 12 விக்கெட். மீதி 964 ஓட்டங்கள், 14 விக்கெட். சராசரி ஏறத்தாழ 69 ஆகிறது!

அப்படியானால் 44 என்பது எந்தச் சிவா? வாங்கடேயில் கண்டவர் 15 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட் எடுத்தவர். மற்ற ஆட்டங்களில் கண்டவர் 69 ஓட்டங்களுக்கு ஒன்று எடுத்தவர். 44 என்ற ஆள் ஒருநாளும் மைதானத்துக்கு வரவேயில்லை. ஏற்ற இறக்கம் உள்ளவர்களின் சராசரி, இரண்டு ஊருக்கு நடுவில் ரயில் நிற்காத இடத்தைப் போன்றது. அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

இரண்டாவது கேள்வி: கெட்ட நாளை யார் தாங்குவது?

பி.எஸ். சந்திரசேகரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய வலது கையாலேயே பந்து வீசியவர். அவர் பந்து எங்கே விழும் என்று அவருக்கே தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 1967-68 பருவத்துக்குப் பின் அணியில் இடமிழந்து, 1971இல் திரும்பினார். அந்த ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழிவகுத்தார். மெல்போர்னில் 1977 டிசம்பர் 30 அன்று தொடங்கிய ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் 52 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். ஆஸ்திரேலியாவில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. மொத்தம் 58 டெஸ்டில் 242 விக்கெட்.

அவரை எப்படித் தாங்க முடிந்தது? பேடி, பிரசன்னா, நம் வெங்கட்ராகவன் என்று அந்தக் காலத்தில் சுழற்பந்துக்கு ஆள் இருந்தது. சந்திரசேகர் அடிவாங்கும் நாளில் மறுமுனையில் ஒருவர் ஓட்டங்களைக் கட்டிவைப்பார்.

அமெரிக்கர்களின் பேஸ்பாலிலும் இதே வழக்கு உண்டு. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். தொடக்கப் பந்துவீச்சுக்குப் பெரும்பாலும் ஐந்து பேர் முறைவைத்து இறங்குவார்கள். ஐந்தாவது இடத்துக்குத்தான் வாக்குவாதம். முதல் நால்வர் உறுதியானவர்கள் என்றால், ஒரு நாள் அசத்தி மறுநாள் சொதப்புபவரை ஐந்தாவதாக வைத்துப் பார்க்கத் துணிவு வரும். நால்வரும் ஆட்டம் கண்டவர்கள் என்றால் வராது.

ஆகவே, "இவன் நல்லவனா?" என்று மட்டும் கேட்பது போதாது. "இவன் தவறும் நாளில் நம்மிடம் வேறு யார் இருக்கிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும். எங்கள் அணியில் நிதானமாக வீசும் பையன்கள் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். இன்னொரு நிதானக்காரனைவிட, ஆட்டத்தைத் திருப்பக்கூடிய ஒருவனே எங்களுக்குத் தேவையாயிருந்தான். அதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாவது கேள்வி: கெட்ட நாளுக்குக் காரணம் உண்டா?

இறுதி ஆட்டத்துக்குப் பிறகு அந்த லெக் ஸ்பின் பையன் மைதானத்துக்கு வரவில்லை. மூன்று ஞாயிறு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் இட்லி அவித்து விற்கும் குடும்பம். அவன் அம்மா என்னை உட்காரச் சொல்லி, டீயும் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்: "சார், உங்க நோட்டுல அவன் பேருக்கு நேரா 'நம்ப முடியாது'ன்னு எழுதியிருந்தீங்களாமே. வீட்டுக்கு வந்து, 'நான் நம்ப முடியாதவனாம்மா?'ன்னு கேட்டான் சார்."

எழுதியது உண்மைதான். அவன் பந்துவீச்சைப் பற்றித்தான் எழுதினேன். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

அன்றிரவு நோட்டை எடுத்து ஓவர் ஓவராகப் பார்த்தேன். விக்கெட் எடுத்த மூன்று ஆட்டங்களிலும் அவனுக்கு நான்கு ஓவர் கிடைத்திருந்தது. எடுக்காத மூன்றிலும் இரண்டே ஓவர். அந்த மூன்றில் அவன் கொடுத்தவை 21, 19, 22. சரி, நல்ல நாட்களில் முதல் இரண்டு ஓவரில்? 19, 20, 22! எல்லா நாளும் தொடக்கம் ஒன்றுபோலவே மோசம். நல்ல நாட்களில் கடைசி இரண்டு ஓவர்களில் 8, 10, 9 ஓட்டங்களே கொடுத்திருந்தான். அவன் எடுத்த பத்து விக்கெட்டில் ஒன்பது அந்த ஓவர்களில் விழுந்தவை. காலை வியாபாரம் முடித்து, கை சூடேறாமல் நேராக மைதானத்துக்கு ஓடிவருபவன் அவன்.

மூன்று நாட்களில் கேப்டன் பொறுத்தார், மூன்று நாட்களில் பொறுக்கவில்லை. நோட்டில் ஏறி இறங்கியது அவன் திறமை மட்டுமல்ல, எங்கள் பொறுமையும்தான். மற்ற மூன்று நாட்களிலும் நான்கு ஓவர் கொடுத்திருந்தால் விக்கெட் விழுந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சோதித்துப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் போய் அந்தக் கணக்கை அவனுக்குக் காட்டினேன். நோட்டில் எழுதியதை அவன் கண்ணெதிரில் அடித்துவிட்டு, "முதல் இரண்டு ஓவர் கவனிக்கவும்" என்று எழுதினேன். அடுத்த பருவத்தில், பந்து கொடுக்குமுன் பத்து நிமிடம் ஓரமாகச் சுவரில் வீசிக் கையைப் பழக்கிக்கொள்ளச் சொன்னோம். கெட்ட நாட்கள் குறைந்தன, ஒழிந்துவிடவில்லை. ஆனால் மைதானத்துக்கு வருவதை அவன் நிறுத்தவில்லை.

பயிற்சி

ஒரு பெண் கணக்குத் தேர்வுகளில் வாங்கிய மதிப்பெண்கள் 92, 41, 88, 39. பக்கத்து வீட்டுப் பெண் வாங்கியவை 66, 64, 65, 65.

1. இருவரின் சராசரியையும் காண்க.

2. முதல் பெண்ணிடம் "ஏன் இப்படி ஏறி இறங்குகிறாய்?" என்று அதட்டும் முன், பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுக.

முதல் வினாவுக்கு விடை: இருவருக்கும் 65. இரண்டாவது வினாவுக்கு விடையைப் பெற்றோரே எழுத வேண்டும். 41ம் 39ம் வாங்கிய தேர்வுகளுக்கு முந்தைய இரவு வீட்டில் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்துத் தொடங்கலாம்.