கிக் பணியும் மனிதவள மேலாண்மையும்

ஆட்களைச் சேர்த்தல், வேலையைப் பங்கிடுதல், ஊதியம் வரையறுத்தல், திறனை மதிப்பிடுதல், குறை கேட்டல் ஆகியவை மனிதவளத் துறையின் வழக்கமான பணிகளாகும். உணவு விநியோகம், வாடகை வாகனம் முதலிய தொழில்களில் இவற்றுள் பலவற்றை இன்று கைபேசிச் செயலியே செய்கிறது. இவ்வாறு நிலையான வேலையின்றி, ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே கூலி பெறுவோர் பொதுவாகக் கிக் தொழிலாளர் எனப்படுகின்றனர். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21இல் நம் நாட்டில் இத்தகையோர் 77 இலட்சம் பேர். 2029-30இல் இத்தொகை 2.35 கோடியாகும் என்றும் அது மதிப்பிட்டது.

பெயரும் நிலையும்

நிறுவனங்கள் இவர்களைக் 'கூட்டாளிகள்' என்றே அழைக்கின்றன. விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம் என்பது இம்முறையின் நன்மையே. எனினும், கூலி விகிதத்தை வகுப்பது நிறுவனம். எப்பணி எவருக்கு என முடிவு செய்வது கணினி. வாடிக்கையாளர் தரும் மதிப்பெண் குறைந்தால் வாய்ப்பு சுருங்கக்கூடும். கணக்கு முடக்கப்பட்டால் வருவாய் அன்றே நின்றுவிடும். வாகனம், எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளைப் பெரும்பாலும் தொழிலாளியே ஏற்கிறார். அதிகாரம் நிறுவனத்திடமும் இடர்ப்பாடு தொழிலாளியிடமும் இருப்பதே அடிப்படைச் சிக்கலாகும்.

சட்டத்தின் பங்கு

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவர்களை முதன்முறையாக வரையறை செய்தது. அது 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குச் செலுத்த அது வகை செய்கிறது. தொழிலாளருக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டை இது மிஞ்சலாகாது. விபத்துக் காப்பீடு, உடல்நலம், மகப்பேறு, முதுமைக் காப்பு ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்கலாம். ஆனால் இச்சட்டம் இவர்களை நிறுவன ஊழியராக்கவில்லை.

மாநிலங்களில் இராஜஸ்தான் 2023இல் தனிச்சட்டம் இயற்றி வழிகாட்டியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்று, பணிநீக்கத்துக்கு எழுத்து வடிவில் காரணமும் பொதுவாக 14 நாள் முன்னறிவிப்பும் தரவேண்டும் என்கிறது.

செய்யவேண்டியவை

நலநிதி விபத்துக்குப் பின் உதவும்; நேர்மையான மேலாண்மையோ அன்றாடம் தேவை. கூலி கணக்கிடப்படும் முறை தொழிலாளிக்கு விளங்கவேண்டும். கணக்கை முடக்குமுன் அவர் தரப்பைக் கேட்க ஒரு மனிதர் இருக்கவேண்டும். பல செயலிகளில் மாறி மாறி உழைப்பவருக்கு இ-ஷ்ரம் பதிவு ஒன்றே தொடர்ச்சியான அடையாளமாக அமையவேண்டும். மேலாளரின் இடத்தைச் செயலி ஏற்கலாம்; மேலாளருக்குரிய பொறுப்பை நிறுவனமே ஏற்றாகவேண்டும்.